கைகாக்ஸுக்கு முழுப் பேர், ஆர்னசனுக்கு அரைப் பேரா?

இருபதுமுகம் (நோர்வூட்) – சனி இரவு 9.40

வணக்கம். போன மழைக்கு எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) நாலு பேரை உட்காரவைத்து, ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதைப் பற்றி எழுதியிருந்தேன். இதையெல்லாம் யார் எழுதினார்கள், அந்த ஆள் எங்கே படித்தார் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நானும் இதே மாதிரி ஒன்று எழுதிக்கொண்டிருப்பதால், கேரி கைகாக்ஸ் என்ற அந்த மனிதரின் கதையைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய படிப்பு எதுவும் முடிக்கவில்லை என்பதுதான் முதல் விஷயம். 1938 ஜூலை 27 சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர், சிகாகோ சிம்பொனியில் வயலின் வாசித்தவர். எட்டு வயதில் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை டவுனுக்குக் குடிபோனது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டார். அப்புறம் காப்புறுதிக் கம்பனி வேலை. யாருக்கு என்ன ஆபத்து வரும், வர எவ்வளவு வாய்ப்பு, அதற்கு எவ்வளவு கட்டச் சொல்லலாம் என்று கணக்குப் பார்க்கிற வேலை. 1970இல் அந்த வேலையும் போய்விட்டது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். வீட்டின் கீழறையில் மெஷினை வைத்துக்கொண்டு சப்பாத்து தைத்துப் பிழைத்தார்.

உலகம் முழுக்க ஆடுகிற ஒரு விளையாட்டை எழுதியவர் சப்பாத்து தைத்துக்கொண்டிருந்தவர் என்று படித்தபோது எனக்கு ஏதோ ஆனது. நான் பகலில் கொழும்பு கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன், அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை போவதற்கு முன்பே அவருக்குப் போர் விளையாட்டுப் பைத்தியம் இருந்தது. சின்னச் சின்ன ஈயப் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடுவது. 1968இல் ஊர் மண்டபத்தை 50 டொலருக்கு வாடகைக்கு எடுத்து, தன்னைப் போன்ற பைத்தியங்களைக் கூட்டினார். ஜென் கான் என்று பேர் வைத்தார். அது இன்றைக்கும் நடக்கிறது. 1971இல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து செயின்மெயில் என்று ஒரு விதிப் புத்தகம் போட்டார். குதிரை வீரன், வில் வீரன் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு பகுதி. அதில் மந்திரவாதி, டிராகன். அங்கேதான் கதை தொடங்குகிறது.

1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. ஒரு பெட்டியில் மூன்று மெல்லிய புத்தகங்கள். 1000 பெட்டிதான் அச்சடித்தார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அடுக்கி விற்றார்கள்.

மிச்சம் நாளைக்கு. கரண்ட் போகப் போகிறது.

தேயிலைத்தூள் (அப்புத்தளை) – சனி இரவு 10.05

கைகாக்ஸ். பேரிலேயே கை. சப்பாத்து தைத்த கை, டைஸ் போட்ட கை. சரி சரி, போகிறேன்.

தலவாக்கலை நரி – சனி இரவு 10.31

தம்பி, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியின் மேல் இரண்டு பேர் இருந்ததே, அதில் ஒன்றை ஏன் விழுங்கினாய்? டேவ் ஆர்னசன்.

நீ எழுதியதில் 1971க்கும் 1974க்கும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டைக்குள்தான் விளையாட்டே இருக்கிறது. மினசோட்டாவில் ஆர்னசன் என்ற பையன், கைகாக்ஸைவிட ஒன்பது வயது சின்னவன், பிளாக்மூர் என்று ஒரு கோட்டையையும் அதன் கீழ் ஒரு நிலவறையையும் வைத்து நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு படை கிடையாது. ஆளுக்கு ஒரு ஆள். அந்த ஆள் செத்தால் செத்ததுதான், பிழைத்தால் அடுத்த வாரம் அதே ஆளாக வரலாம், வர வர வலுவும் கூடும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். இன்றைக்கு ஃபோனில் நாம் ஆடுகிற கேமில் 'லெவல் கூடிவிட்டது' என்கிறோமே, அதன் வேர் இந்தப் பக்கம்தான். அவனுக்கும் முன்னால் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்று ஒன்றை நடத்தி வழி காட்டியிருந்தார்.

1972 கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரை ஆடிக் காட்டினான். கைகாக்ஸுக்குப் பிடித்துப்போனது, குறிப்புகளை அனுப்பச் சொன்னார். கையெழுத்தில் இருபது பக்கம் போல வந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்.

இப்போது சொல். கொழுந்து எடுத்தது யார், தராசில் நிறுத்தது யார்?

வாத்தியார் மகள் (பசறை) – ஞாயிறு காலை 6.50

நரி அண்ணே, நான் கைகாக்ஸ் கட்சி. காமன் எரிந்தானா இல்லையா என்று போட்டி போட்டுப் பாடுகிற எரிந்த கட்சி எரியாத கட்சி மாதிரி நின்று பாடத் தயார்.

ஏனென்று சொல்கிறேன். எங்கள் அப்பா காமன் கூத்து வாத்தியார். மாசியில் மூன்றாம் பிறைக்குக் காமன் நட்டதிலிருந்து பௌர்ணமி வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை. அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. சி.ஆர். கொப்பி, மேலட்டை கிழிந்தது. தூதன் பாட்டு, ரதி புலம்பல், எல்லாம் அதில்தான். அவர் தவறிய பிறகு இளந்தாரிப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள், நான் அதைச் சுத்தமாக எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒரு இடத்தில் 'இங்கே பழையபடி' என்று இருக்கும். எந்தப் பழையபடி? ஒரு இடத்தில் பாட்டின் முதல் அடி மட்டும், கீழே இரண்டு கோடு. ஒரு பக்கத்தில் 'ஈஸ்வரன் வரும்போது தப்படி மாறும்' என்று எழுதி, பக்கத்தில் அரிசிக் கடைக் கணக்கு. எதிலிருந்து எதற்கு மாறும்? அது அப்பாவின் விரலுக்குத் தெரியும், கொப்பிக்குத் தெரியாது. தப்பு அடிக்கிற மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லி, மூவரும் மூன்று விதமாக அடித்து, அதிலே எது என்று நான் முடிவு செய்து எழுதினேன். எட்டு மாதம் ஆனது.

கைகாக்ஸுக்கு வந்ததும் அப்படிப்பட்ட இருபது பக்கம்தான். அதில் ஆர்னசன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினால் ஆடலாம். அவர் இல்லாமல் ஆட முடியாது. முன்பின் தெரியாத ஒருவன், ஆயிரம் மைல் தள்ளி, பெட்டியைத் திறந்து ஆடும்படி எழுதுவது வேறு வேலை. அது நிறுக்கிற வேலை இல்லை அண்ணே, அது தொழிற்சாலை. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்துத்தான் தூளாகும்.

தலவாக்கலை நரி – ஞாயிறு காலை 8.12

தங்கச்சி, தொழிற்சாலை என்றாயே, நல்ல பிடி. கொழுந்து இல்லாமல் தொழிற்சாலை ஓடுமா என்று கேட்டு அடிக்கு அடி போடலாம், வேண்டாம். ஒன்று மட்டும். அந்த முதல் பெட்டியை வைத்து முன்பின் தெரியாதவன் ஆட முடிந்ததா? சண்டைக்கு செயின்மெயில் புத்தகம் கையில் இருக்கிறது என்று நினைத்து எழுதியிருந்தார். இல்லாதவன் முழித்தான். பாதி விதியை ஊர் ஊருக்குத் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். அதுவே அந்த விளையாட்டுக்கு உரம் ஆனது என்பது வேறு கதை.

இருபதுமுகம் (நோர்வூட்) – ஞாயிறு பகல் 1.15

நரி அண்ணே, விழுங்கவில்லை. கரண்ட் போனது. இருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

கைகாக்ஸின் எழுத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். அவர் எழுதியது கதை இல்லை, கதை நடப்பதற்கான அட்டவணைகள். காப்புறுதி மூளை அதில் அப்படியே தெரிகிறது. 1979இல் வந்த, கதையை நடத்துகிறவருக்கான கைநூலைப் பாருங்கள். காட்டில் போனால் எது எதிர்ப்படும், எத்தனைக்கு எத்தனை. கதவு பூட்டியிருக்க வாய்ப்பு. கூலிக்காரன் ஓடிப்போக வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டைஸ். நடையோ, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய இங்கிலீஷ். வேண்டுமென்றே பழைய சொற்களாகப் பொறுக்கிப் போடுவார். என் ஓ.எல். இங்கிலீஷை வைத்துக்கொண்டு முதல் இருபது பக்கத்துக்கு மூன்று வாரம். ஆனால் அந்தப் பாஷையே ஒரு வாசனை. பழைய கோயிலுக்குள் போனால் வௌவால் நாற்றமும் எண்ணெய் வாசமும் சேர்ந்து வருமே, அது மாதிரி.

டைஸ் கணக்கு கேட்டவர்களுக்கு: இருபது முக டைஸில் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்கு ஐந்து. 1 விழுவதும் 20 விழுவதும் 11 விழுவதும் ஒன்றுதான். ஆனால் ஒரு ஆளின் பலம், புத்தி எல்லாம் மூன்று சாதாரண டைஸை உருட்டிக் கூட்டி எடுப்பது. அதில் 18 விழ 216க்கு ஒரு தடவைதான் வாய்ப்பு, 10 விழ 27 தடவை. அதாவது பிறவியில் பெரும்பாலும் நடுத்தரம், பிறகு நடப்பது எல்லாம் தலையெழுத்து. இதை ஒருத்தன் யோசித்து வைத்திருக்கிறான் பாருங்கள்.

அந்தப் பல முக டைஸே அப்போது கடையில் கிடையாது. பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கம்பனியிடமிருந்து வாங்கினார்கள். முதலில் வந்த இருபது முகத்தில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை போட்டிருந்தது, ஒரு பாதிக்குத் தாங்களே மை பூசி வித்தியாசப்படுத்திக்கொண்டார்கள். பூதங்கள் கதை இன்னும் நல்லது. ஹொங்கொங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை கைகாக்ஸ் வாங்கிவந்தார். டைனோசர் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது எந்தப் பிராணி என்று செய்தவனுக்கே தெரியாது. அதில் ஒன்று ஆந்தைக்கரடி ஆனது. வாலில் துடுப்பு மாதிரி இருந்த ஒன்று, இரும்பைத் தொட்டால் துருவாக்குகிற பிராணி ஆனது. தேர்க்கடையில் ஐம்பது ரூபாப் பையில் வருமே, அதே சாமான்.

மட்டக்கம்பு (மஸ்கெலியா) – ஞாயிறு பகல் 2.40

நான் வயதானவன். பேரன் இந்த இழையைக் காட்டினான். எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. போர்டும் இல்லை, காயும் இல்லை என்றால் எதை ஆடுகிறீர்கள்? தாயம் மாதிரியா? ஒரு தடவை நடந்ததை நடந்தபடி சொல்லு தம்பி.

இருபதுமுகம் (நோர்வூட்) – ஞாயிறு பகல் 3.30

ஐயா, சொல்கிறேன்.

போன போயா, அதாவது பௌர்ணமி லீவு. மழை, தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பேசுவது கேட்காது. லயத்தின் கோடியில் இருக்கிற தொங்க காம்பராவில் நான், என் தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு பேர். இருபது முக டைஸ் என்னிடம் ஒன்றுதான், அதை எலி இழுத்துப்போனது, உண்மையாக. அதனால் இருபது சோடா மூடியில் நம்பர் எழுதி பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். குலுக்கி ஒன்று எடுப்பது.

நான் சொல்வேன்: 'ஏரித் தண்ணி வற்றியிருக்கிறது. சேற்றில் பழைய டவுன் தெரிகிறது. கோயில் வாசலில் படி. கீழே உள்ளே இருட்டு. உள்ளேயிருந்து மணிச் சத்தம். என்ன செய்கிறீர்கள்?'

பையன்கள் 'உள்ளே ஓடுகிறோம்' என்றார்கள். தங்கச்சி தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், மலைக்குப் போய் வந்த களைப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவள், 'நில்லு. படியில் பாசி இருக்கா?' என்றாள். இருக்கிறது என்றேன். 'என்னிடம் என்ன சாமான் இருக்கு?' கைகாக்ஸின் 1974 சாமான் பட்டியலில் பத்தடிக் கம்பு ஒன்று உண்டு, ஆடுகிறவர்கள் நடுவில் பேர்போன கம்பு. அதைச் சொன்னேன். 'அது மட்டக்கம்பு தானே' என்றாள். கொழுந்து மட்டம் பார்க்க வாதில் போடுகிற கம்பு இவ்வளவு நீளம் இல்லை என்றேன். 'என் கம்பு நீளம்' என்று முடித்துவிட்டாள். ஒவ்வொரு படியாக அந்தக் கம்பால் தட்டிக்கொண்டே இறங்கினாள். ஏழாவது படி உள்ளே போனது. டின்னைக் குலுக்கி 17 எடுத்தாள். தப்பினாள். பையன்களில் ஒருத்தன் 3. அவன் இப்போது சேற்றில் இடுப்பளவு நிற்கிறான், அடுத்த போயா வரைக்கும் நிற்பான்.

அவ்வளவுதான் ஐயா விளையாட்டு. எழுதிவைத்த விதி என்ன செய்கிறது என்றால், அவன் விழுந்தது எனக்கு அவன் வேண்டாதவன் என்பதால் இல்லை என்று அவனுக்கே தெரியவைக்கிறது.

வாத்தியார் மகள் (பசறை) – ஞாயிறு பகல் 4.02

தங்கச்சிக்கு என் வணக்கம். அவளிடம் இதைச் சொல்லு: பெண்களுக்கு இந்த மாதிரி விளையாட்டு இயல்பிலேயே ஒத்துவராது என்ற கருத்தை கைகாக்ஸ் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்லிவந்தார். ஆனால் அவருடைய முதல் நிலவறைக்குள் முதல் தடவை இறங்கிப் பார்த்த இருவரில் ஒருத்தி அவர் மகள். விளையாட்டுக்குப் பேர் பட்டியல் போட்டுக் காட்டியபோது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதைப் பிடித்துச் சொன்னதும் ஒரு சின்ன மகள் என்றுதான் அவரே சொல்லியிருக்கிறார். நான் அவர் கட்சிதான், அதற்காக இதை மறைக்க மாட்டேன்.

தேயிலைத்தூள் (அப்புத்தளை) – ஞாயிறு பகல் 4.20

எங்கள் ஊரில் இதை ஆடப்போய், பிள்ளைகள் பேயைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பெரியவர் பெற்றோரிடம் சொல்லி நின்றுபோனது. அமெரிக்காவிலும் 80களில் இதே கூத்துதானாம், டி.வி.யில் வைத்தே கைகாக்ஸைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பாயி மட்டும் அசையவில்லை. 'எமன் வேஷம் கட்டினவன் நம்ம முன் திண்ணை இஸ்தோப்பில உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான், இது என்னடா சோடா மூடி' என்றது.

மட்டக்கம்பு (மஸ்கெலியா) – ஞாயிறு மாலை 6.10

தம்பி இருபதுமுகம், நீ சொன்னது விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

ஆனால் அந்த டவுன் எனக்குத் தெரிந்த டவுன் மாதிரி இருக்கிறதே. மவுசாகலை அணை கட்டியபோது தண்ணிக்குள் போன பழைய மஸ்கெலியா. கடும் வரட்சியில் தண்ணி இறங்கினால் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும், ஊரே போய்ப் பார்க்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் கோயில் படியில் ஏழாவது படி ஆடும் என்பதை இந்தத் தளத்தில் எழுதியது நான். இரண்டு வருஷத்துக்கு முந்தி, 'தண்ணிக்குள் போன ஊர்' இழையில். சின்ன வயதில் அந்தப் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டவன் நான்.

கோபம் இல்லை. கேட்கிறேன்.

தலவாக்கலை நரி – ஞாயிறு மாலை 6.14

அடேயப்பா. ஆர்னசன் வந்துவிட்டார்.

இருபதுமுகம் (நோர்வூட்) – ஞாயிறு இரவு 8.55

ஐயா, பொய் சொல்ல மாட்டேன். அந்த இழையைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கடை வரிசை, கோயில், ஏழாவது படி எல்லாம் உங்களிடமிருந்துதான். எழுத எழுத எது உங்களுடையது எது என்னுடையது என்று எனக்கே கலந்துபோனது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தலவாக்கலை நரி – ஞாயிறு இரவு 9.20

தம்பியைத் திட்டப் போவதில்லை. கலந்துபோகும், அதுதான் விஷயமே. கைகாக்ஸுக்கும் அப்படித்தான் கலந்திருக்கும். ஹொபிட் என்ற குள்ள இனத்தை வைத்துக் கதை எழுதிய டோல்கீனிடமிருந்து பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை என்று சாகும்வரை சொன்னார். ஆனால் முதல் புத்தகத்தில் ஹொபிட் ஹொபிட்டாகவே இருந்தது. உரிமைக்காரர்கள் தரப்பிலிருந்து மிரட்டல் வந்த பிறகுதான் அது ஹாஃப்லிங் ஆனது. ஜாக் வான்ஸ் என்ற கதாசிரியரிடமிருந்து எடுத்ததை மட்டும் தாராளமாக ஒத்துக்கொண்டார். ஒரு மந்திரத்தைச் சொன்னவுடன் அது மண்டையை விட்டுப் போய்விடும், மறுநாள் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற விதி வான்ஸுடையது. இந்த விளையாட்டில் வருகிற வெக்னா என்ற மந்திரவாதியின் பேரே, இங்கிலீஷில் வான்ஸ் என்பதன் எழுத்தை மாற்றிப்போட்டதுதான்.

இனி பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் தொடங்கியதுதான் இந்த விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பனி. கே தன் ஆயுள் காப்புறுதியை வைத்துக் கடன் எடுத்துப் போட்டார். 1975 ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார், 36 வயது. அவர் இருந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்பது என் கட்சி. பிரையன் ப்ளூம் என்பவர் இடையில் பணம் போட்டு வந்தவர், பிறகு அவருடைய குடும்பத்தின் கையில்தான் பங்கு அதிகம்.

1977இலிருந்து 1979 வரை 'அட்வான்ஸ்ட்' என்று முன்னால் ஒட்டி, மூன்று பெரிய புத்தகமாக கைகாக்ஸ் மறுபடி எழுதினார். இது வேறு விளையாட்டு, பழையதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். வேறு விளையாட்டு என்றால் ஆர்னசனுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, புரிகிறதா? 1979இல் ஆர்னசன் கோர்ட்டுக்குப் போனார். 1981இல் வெளியே சமரசம். இருவரும் இணைந்து ஆக்கியவர்கள் என்று ஒத்துக்கொள்ளப்பட்டது.

அரைப் பேர் போட்டார்கள். அதையும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது.

மட்டக்கம்பு (மஸ்கெலியா) – ஞாயிறு இரவு 10.02

நரி சொன்ன அந்தச் சொல்லை நான் சாதாரணமாகப் படிக்க முடியாது. முப்பது வருஷம் தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலைப் பதிவேடு, எழுதினவன் நான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பேர். 'இன்றைக்குப் பேர் விழுந்ததா?' என்றால் ஒரு நாள் வேலை பதிந்ததா என்று அர்த்தம். கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர்.

மழை நாளில் தராசுக்கு முன்னால் நிற்பார்கள். காலை ஏழு மணியிலிருந்து மலையில் நின்ற பெண். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்து உறைந்திருக்கும். கூடையைத் தொங்கவிட்டால் ஒரு கிலோ குறைவு. ஈரத்துக்கென்று அதிலும் கழிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் பேனையை எடுத்து அரை என்று போடுவேன். அவள் நாள் முழுக்க நின்றாள் என்பது எனக்குத் தெரியும். எழுதியது அரை. அப்புறம் அந்தத் தாளைப் பார்க்கிறவனுக்கு அவள் அரை நாள்தான் நின்றாள்.

எழுதுகிறவன் கையில் இருப்பது அதுதான் தம்பி. நான் இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

வாத்தியார் மகள் (பசறை) – ஞாயிறு இரவு 10.40

ஐயா சொன்ன பிறகு என் கட்சியில் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் எழுதினேன் என்றேனே, அந்தப் பிரதியை ஒருவர் 'பார்த்துத் தருகிறேன்' என்று வாங்கிப்போய், தன் புத்தகத்தில் பின்னிணைப்பாகப் போட்டுக்கொண்டார். அப்பா பேர் இல்லை. 'தோட்டத்து மக்களிடமிருந்து சேகரித்தது' என்று இருந்தது. எழுதுகிற வேலை முழு வேலை என்று காலையில் வாதாடினேனே, அதை மாற்றவில்லை. கைகாக்ஸ் உழைத்தது முழுப் பேருக்கு. ஆர்னசனுக்கும் முழுப் பேர்தான். ஒரே நாளில் ஒரே மலையில் இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும்தானே விழ வேண்டும்? ஒரு பேரை இரண்டாக வெட்ட யார் சொன்னது?

இருபதுமுகம் (நோர்வூட்) – திங்கள் அதிகாலை 5.05

கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். கதையின் கடைசிப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஆட்டமே இல்லை, எல்லாம் பங்கும் கையெழுத்தும்.

80களின் தொடக்கத்தில் கைகாக்ஸ் ஹொலிவூட் போனார், கார்ட்டூன் ஒன்று வந்தது. திரும்பிவந்து பார்த்தால் கம்பனி கடனில். லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார். ப்ளூம் குடும்பம் தங்கள் பங்கை அவருக்கே விற்றது. 1985 அக்டோபரில் கைகாக்ஸின் தலைமைப் பதவி போனது. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். அடுத்த வருஷம் முழுசாக வெளியேறினார். 1992இல் டேஞ்சரஸ் ஜேர்னீஸ் என்று புது விளையாட்டு எழுதினார். அவர் தொடங்கிய கம்பனியே, இது எங்கள் விளையாட்டைப் பார்த்துச் செய்தது என்று அவர் மேல் வழக்குப் போட்டது. ஒருகாலத்தில் ஆர்னசனிடம் 'இது வேறு விளையாட்டு' என்று சொன்ன அதே ஆளுக்கு. கடைசியில் அந்தப் புது விளையாட்டின் உரிமையும் கம்பனிக்கே போனது. 1997இல் டி.எஸ்.ஆரை வேறு கம்பனி வாங்கியது. 1999இல் இன்னொரு விளையாட்டு எழுதினார். வயதான காலத்தில் லேக் ஜெனீவாவில் தன் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, வந்தவர்களோடு ஆடினார். 2008 மார்ச் 4 இறந்தார், 69 வயது. ஆர்னசன் அடுத்த வருஷம் ஏப்ரலில்.

எனக்கு அந்த இஸ்தோப்பு மட்டும் கண்ணில் நிற்கிறது. பஸ் வந்துவிட்டது.

இருபதுமுகம் (நோர்வூட்) – திங்கள் இரவு 9.48

ராத்திரி கடை சாத்திவிட்டு முதல் பக்கத்தைத் திருத்தினேன். பார்த்துச் சொல்லுங்கள்.

*தண்ணிக்குள் போன ஊர். ஆக்கம்: மட்டக்கம்பு, இருபதுமுகம். ஊரும் தெருவும் படியும் மட்டக்கம்பு சொன்னவை. விதிகள் இருபதுமுகம் எழுதியவை. நீள மட்டக்கம்பு: இருபதுமுகத்தின் தங்கச்சி.*

வாத்தியார் மகள் அக்கா, மணிச் சத்தத்துக்குப் பிறகு எமன் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பா கொப்பியிலிருந்து ஒரு அடி போடலாமா? போடக் கூடாது என்றால் கூடாது. போடலாம் என்றால் அவர் முழுப் பேரை எப்படி எழுதுவது என்று தனியாக அனுப்புங்கள்.

வாத்தியார் மகள் (பசறை) – திங்கள் இரவு 10.15

ஒரு அடி போடலாம். எந்த அடி என்று நான் சொல்வேன். அதைச் சோடா மூடி குலுக்குகிற நேரத்தில் பாடக் கூடாது, குலுக்கி முடிந்த பிறகு பாட வேண்டும். அதை விதியாக எழுது.

தலவாக்கலை நரி – திங்கள் இரவு 10.21

என் பேர் எங்கே?

தேயிலைத்தூள் (அப்புத்தளை) – திங்கள் இரவு 10.22

கால் பேர்.

மட்டக்கம்பு (மஸ்கெலியா) – செவ்வாய் காலை 7.30

பார்த்தேன். என் பேரை முன்னால் போட்டிருக்கிறாய், அப்படியே இருக்கட்டும், பேரன் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு திருத்தம். கோயிலுக்கும் கடை வரிசைக்கும் நடுவில் ஒரு தண்ணிப் பீலி இருந்தது, அதை விட்டுவிட்டாய். அங்கேதான் பெண்கள் நிற்பார்கள், ஊர்ச் செய்தி முழுக்க அங்கே கிடைக்கும். உன் ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன்னால் அங்கே கேட்டிருந்தால் படியைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அப்புறம், சேற்றில் நிற்கிற பையனை அடுத்த போயா வரைக்கும் விடாதே. இந்த ஞாயிறு நான் நோர்வூட் வருகிறேன், பீலி எங்கே என்று வரைந்து காட்டுகிறேன். என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள். கம்பு நானே கொண்டுவருவேன்.